லாம்டனுக்கு அந்தக் கடிதம் நேராக வந்திருந்தால்: ஆஸ்டின் நாவலின் ரசிகர் மறுபுனைவுகள் குறித்து

மறுவாசகி எழுதியது:

ஜேன் ஆஸ்டினின் ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ நாவலில், டெர்பிஷயரின் லாம்டன் என்னும் சிற்றூரில் மாமா மாமியான கார்டினர் தம்பதியருடன் தங்கியிருக்கும் எலிசபெத், அக்காள் ஜேனிடமிருந்து கடிதம் வரவில்லையே என்று இரண்டு நாள் ஏமாந்து போகிறாள். மூன்றாம் நாள் காலையில் இரண்டு கடிதங்கள் ஒன்றாக வந்து சேருகின்றன. முந்தைய கடிதத்தின் முகவரியை ஜேன் கிறுக்கலாக எழுதியிருந்ததால் அது வேறெங்கோ சுற்றிவிட்டு வந்திருக்கிறது. கடைசித் தங்கை லிடியா படை அதிகாரி விக்கமுடன் ஓடிப்போன செய்தியைப் படித்து முடித்த எலிசபெத், மாமாவை அழைத்துவரக் கதவை நோக்கி ஓடும்போது, பணியாள் அதே கதவைத் திறக்க, முன்பு அவளிடம் மணம் கேட்டு மறுக்கப்பட்ட டார்சி உள்ளே வருகிறான்.

இந்தத் தபால் பிசகை ஆஸ்டின் ஓரிரு வரிகளில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஆனால் அதன் பிறகு நடப்பவை பெரும்பாலும் அதைப் பற்றிக்கொண்டுதான் நிற்கின்றன. முதல் கடிதம் உரிய நாளில் வந்திருந்தால் கார்டினர் தம்பதியர் அப்போதே அவளை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பியிருப்பார்கள்; டார்சி வந்தபோது அந்த அறை காலியாக இருந்திருக்கும்; அவள் கலங்கி நின்றதை அவன் பார்த்திருக்க மாட்டான்; லண்டனுக்குப் போய் விக்கமைத் தேடிப் பிடித்து, ஆயிரம் பவுண்டுக்கு மேற்பட்ட அவன் கடன்களை அடைத்து, லிடியாவின் பெயரில் இன்னோர் ஆயிரம் எழுதிவைத்து, அவனுக்குப் படையில் பதவியும் வாங்கிக் கொடுத்திருக்க மாட்டான்.

இந்த நாவலை ரசிகர்கள் மாற்றி எழுதிப் பார்க்கும் மறுபுனைவுகளில், நான் விரும்பிப் படிப்பவை இப்படிப்பட்ட இடங்களில்தான் பிறக்கின்றன. எழுதுபவர் ஒரே ஒரு முடிச்சை அவிழ்க்கிறார். அதற்குப் பின் நடப்பதை அந்த உலகத்தின் பணமும் சட்டமும் தபால் வண்டியும் ஊர்வாயும் தீர்மானிக்க விட்டுவிடுகிறார். எல்லாவற்றையும் ஒருசேர மாற்றிவிட்டுப் பெயர்களை மட்டும் வைத்துக்கொள்ளும் கதைகளை என்னால் பாதிக்கு மேல் படிக்க முடிவதில்லை. இவற்றைத் தொடர்ந்து படிப்பவர்கள் எந்த முடிச்சை அவிழ்த்த கதைகள் தங்களுக்குப் பிடித்திருந்தன என்றும், ஏன் பிடித்திருந்தன என்றும் சொன்னால் மகிழ்வேன்.

நிழற்குடை எழுதியது:

இந்த ஆசையே எனக்குப் புரியவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 61 அத்தியாயங்களில் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்று அளந்து எழுதப்பட்ட நாவல் அது. அதன் அழகில் பாதி, ஆசிரியர் வாய் திறக்காத இடங்களில் இருக்கிறது. அந்த இடங்களையெல்லாம் தேடிப் போய் நிரப்புவது நாவலின் மீதுள்ள அன்பாக எனக்குத் தோன்றவில்லை. முடிந்துபோன விருந்தை விட்டு எழ மனமில்லாத பிடிவாதமாகத்தான் தோன்றுகிறது. டார்சியை இரத்தக் காட்டேரியாக்கியவர்களைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

மறுவாசகி எழுதியது:

நிழற்குடை அவர்களே, விருந்தை விட்டு முதலில் எழாதவர் ஆஸ்டின்தான்.

நாவல் 1813 ஜனவரியில் வெளிவந்தது. அதே ஆண்டு மே மாதம் லண்டன் ஸ்பிரிங் கார்டன்ஸில் நடந்த ஓவியக் கண்காட்சிக்குப் போன ஆஸ்டின், அங்கே தொங்கிய உருவப்படங்களுக்கு நடுவே தம் கதாபாத்திரங்களைத் தேடியிருக்கிறார். வெள்ளை உடையும் பச்சை அணிகளும் பூண்ட ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்து, இவள்தான் திருமதி பிங்லி (மணமான ஜேன்), பச்சை அவளுக்குப் பிடித்த நிறம் என்று நான் எப்போதும் நினைத்ததுண்டு என்று அக்காள் கசாண்ட்ராவுக்கு எழுதுகிறார். திருமதி டார்சி (மணமான எலிசபெத்) மஞ்சள் உடையில் இருப்பாள் என்று எதிர்பார்த்திருக்கிறார். அந்தப் படம் எங்கும் கிடைக்காமற்போகவே, மனைவியின் படத்தை ஊரார் பார்வைக்கு வைக்க டார்சிக்கு மனம் வந்திருக்காது என்று தமக்குத் தாமே ஒரு காரணமும் கற்பித்துக்கொள்கிறார். இதை நம்மில் ஒருவர் எழுதியிருந்தால் ரசிகர் புனைவு என்றுதான் சொல்லியிருப்போம்.

அவருடைய அண்ணன் மகன் 1869-இல் வெளியிட்ட நினைவு நூலில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. வீட்டுப் பிள்ளைகள் கேட்டால், கதை முடிந்த பின் யார் யார் என்ன ஆனார்கள் என்று ஆஸ்டின் சொல்வாராம். எலிசபெத்தின் தங்கை கிட்டி, டார்சியின் மாளிகையான பெம்பர்லிக்கு அருகில் ஒரு பாதிரியாரை மணந்தாள். இன்னொரு தங்கை மேரிக்கு மாமா பிலிப்ஸின் அலுவலக எழுத்தர்களில் ஒருவனுக்கு மேல் யாரும் வாய்க்கவில்லை. ஆனாலும் மெரிட்டன் ஊரின் அறிவுச்சுடராக மதிக்கப்படுவதில் அவள் நிறைவடைந்துவிட்டாள். அவர் பிறர் நாவல்களில் கை வைக்கவும் தயங்கியவர் அல்லர். ரிச்சர்ட்சன் ஏழு தொகுதிகளில் எழுதிய நாவல் ஒன்றைச் சிறு நாடகமாகச் சுருக்கிய கைப்பிரதி ஆஸ்டினின் கையெழுத்தில் கிடைத்திருக்கிறது. அந்த நாவல் அவருக்கு மிகப் பிடித்தமான ஒன்று.

பழைய வக்கீல் எழுதியது:

இழையைத் தொடங்கியவரின் அளவுகோல் எனக்கு ஏற்புடையது. அதன்படி நிறுத்துப் பார்த்தால் முக்கால்வாசிக் கதைகள் சட்டத்தில்தான் தோற்றுப் போகின்றன என்பது என் அனுபவம்.

முதலாவது, திருமண உரிமம். ரசிகர் கதைகளில் டார்சி நினைத்த மாத்திரத்தில் சிறப்பு உரிமம் ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டுகிறான். அந்த உரிமத்தை வழங்கும் அதிகாரம் கேன்டர்பரி பேராயர் ஒருவருக்கே இருந்தது. எந்த இடத்திலும் எந்த நேரத்திலும் மணம் செய்துகொள்ள அது வழி செய்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தேவாலயத்தில் அறிவிப்புச் செய்யும் காத்திருப்பைத் தவிர்ப்பது மட்டுமே நோக்கமென்றால், ஆயர் வழங்கும் சாதாரண உரிமமே போதும். மகளுக்குச் சிறப்பு உரிமத்தில்தான் மணம் நடக்க வேண்டும் என்று நாவலில் கூத்தாடுபவர் எலிசபெத்தின் தாய் திருமதி பென்னெட். அது அவருடைய பகட்டைக் காட்டுவதற்காக ஆஸ்டின் வைத்த நகைச்சுவை. ரசிகர்கள் அதை நடைமுறையாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

இரண்டாவது, வயது. கென்ட் மாவட்டத்து ஹன்ஸ்ஃபோர்டில் டார்சி முதன்முறை தன் விருப்பத்தைச் சொல்லும்போது எலிசபெத்துக்கு இருபத்தொன்று நிரம்பவில்லை. அதை டார்சியின் தாயின் சகோதரி லேடி கேதரினிடம் அவளே சொல்கிறாள். 1753-ஆம் ஆண்டின் திருமணச் சட்டப்படி, அந்த வயதுக்குக் கீழே இருப்பவர் உரிமம் பெற்று மணம் செய்யத் தந்தையின் சம்மதம் கட்டாயம். அறிவிப்பின் வழியே போனாலும் தந்தை எழுந்து மறுக்கலாம். காதலர்கள் ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டி ஓடியதே இந்தச் சட்டம் அங்கே செல்லாது என்பதால்தான். ஆகவே ‘ஹன்ஸ்ஃபோர்டில் அவள் சரி என்று சொல்லியிருந்தால்’ என்று தொடங்கும் எந்தக் கதையும் திரு. பென்னெட்டின் நூலக அறைக்குள் நுழைந்தே ஆக வேண்டும். அந்தக் காட்சியைத் தவிர்த்துவிட்டு நேரே பெம்பர்லியின் படுக்கையறைக்குப் போகும் கதைகளை நான் மூடி வைத்துவிடுகிறேன்.

மூன்றாவது, சொத்து. பென்னெட் குடும்பத்துச் சொத்து ஆண் வாரிசுக்கு மட்டுமே போகும் என்று கட்டப்பட்டது. அவர்களுக்கு ஒரு மகன் பிறந்திருந்தால் என்ற கற்பனையைச் சிலர் எடுத்திருக்கிறார்கள். ஆண் வாரிசு பிறப்பான், அவன் வயது வந்ததும் தந்தையோடு சேர்ந்து கையெழுத்திட்டு வாரிசுக் கட்டை உடைத்துவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் திரு. பென்னெட் ஒரு காசும் சேர்க்காமல் இருந்துவிட்டார் என்று நாவலே சொல்கிறது. அந்த மகன் இருந்தால், வாரிசாக நிற்கும் உறவினரான பாதிரியார் காலின்ஸ் பென்னெட் வீடான லாங்போர்னுக்கு வர வேண்டிய தேவையே இல்லை. காலின்ஸ் வராவிட்டால் எலிசபெத்தின் தோழி சார்லட் அவனை மணக்க மாட்டாள். சார்லட் ஹன்ஸ்ஃபோர்டில் குடியேறாவிட்டால் எலிசபெத் கென்ட் மாவட்டத்துக்குப் போக மாட்டாள். டார்சியின் முதல் விண்ணப்பமே நிகழாது. ஒரு தம்பியைப் பிறக்க வைத்தால் நாவலின் நடுத்தூண் சாய்ந்துவிடுகிறது என்பதைக் கவனித்து, அந்த இருவரையும் சந்திக்க வைக்க வேறொரு வழி தேடும் எழுத்தாளரே என் மதிப்பில் கெட்டிக்காரர்.

தேன்சிட்டு எழுதியது:

வக்கீல் ஐயாவின் அறிவை வணங்குகிறேன். ஆனால் உரிமத்தை யார் வழங்கினார்கள் என்று பார்த்துக்கொண்டா ஒருவர் இரவு பதினோரு மணிக்கு இந்தக் கதைகளைத் திறக்கிறார்?

நான் இவற்றைப் படிப்பது, முடிவு எனக்கு முன்பே தெரியும் என்பதற்காகத்தான். அலுவலகத்தில் நாள் முழுவதும் அடுத்து என்ன வருமோ என்று பதறிவிட்டு வருபவளுக்கு, எத்தனை அத்தியாயம் சுற்றினாலும் இந்த இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்ற உறுதி பெரிய ஆறுதல். அந்த உறுதி இருப்பதால்தான், நடுவில் எழுத்தாளர் எவ்வளவு கொடுமை செய்தாலும் பொறுத்துக்கொள்ள முடிகிறது.

நிழற்குடை அவர்கள் சொன்ன மௌனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் விண்ணப்பத்தில் எலிசபெத்தின் மறுப்பை ஆஸ்டின் அவள் வாய்மொழியாகவே சொல்லுக்குச் சொல் தருகிறார். இரண்டாவது விண்ணப்பத்தில் டார்சி கேட்பதை அப்படியே தந்துவிட்டு, அவள் சம்மதித்ததை மட்டும், தன் மனம் அந்நாளிலிருந்து வெகுவாக மாறிவிட்டது என்று தட்டுத் தடுமாறி அவனுக்கு உணர்த்தினாள் என்று படர்க்கையில் சொல்லி முடித்துவிடுகிறார். அதற்கு அவன் என்ன சொன்னான் என்பதும் இல்லை. தீவிரமாகக் காதலிக்கும் ஒருவன் எப்படிப் பேசுவானோ அப்படிப் பேசினான், அவ்வளவுதான். நாவல் முழுவதும் காத்திருந்த வாசகியை வாசலிலேயே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்துகிறார் ஆஸ்டின். உலகெங்கும் இத்தனை பேர் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்ப்பது ஏன் என்று இன்னமும் கேட்க வேண்டுமா?

நிழற்குடை எழுதியது:

அந்தக் கதவைச் சாத்தியதுதான் அவருடைய கலை என்கிறேன். ஆயிரம் பேர் எழுதிய ஆயிரம் சம்மதங்களில், அந்தத் தட்டுத்தடுமாறலுக்கு ஈடான ஒன்றையாவது தேன்சிட்டு அவர்கள் படித்திருக்கிறார்களா?

தேன்சிட்டு எழுதியது:

இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் படித்துவிட்டு மூலத்துக்குத் திரும்பும்போது அந்தத் தடுமாறல் எனக்கு இன்னும் இனிக்கிறது.

மெரிட்டன் மாமி எழுதியது:

எல்லோரும் காதலர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குத் திருமதி பென்னெட்டின் வழக்கை எடுத்துப் பேச ஆள் வேண்டும். ரசிகர் கதைகளில் பாதிக்கு மேல் அந்த அம்மாளை ராட்சசியாக்கி வைத்திருக்கிறார்கள். எலிசபெத்தை அறைகிறார், பட்டினி போடுகிறார், காலின்ஸுக்குக் கட்டாயமாக முடிக்கத் திட்டம் தீட்டுகிறார். மூலத்தில் அவர் அசடு. வாயைக் கட்டத் தெரியாதவர். தம்மால் பிள்ளைகளுக்கு எவ்வளவு கெடுதல் நேர்கிறது என்று புரியாதவர். கொடியவர் அல்லர்.

அவருடைய கணக்கைச் சற்றுப் பாருங்கள். லாங்போர்னின் ஆண்டு வருமானம் 2000 பவுண்டு. கணவர் கண்ணை மூடினால் அது முழுவதும் காலின்ஸுக்குப் போய்விடும். மனைவிக்கும் பிள்ளைகளுக்குமாகத் திருமண ஒப்பந்தத்தில் எழுதிவைத்தது மொத்தமே 5000 பவுண்டு. நூற்றுக்கு நான்கு வட்டி என்றால் ஆண்டுக்கு 200 பவுண்டு. அதில் தாயும் ஐந்து பெண்களும் ஆக ஆறு பேர் வாழ வேண்டும். தாயின் காலத்துக்குப் பின் எலிசபெத்தின் பங்கு 1000 பவுண்டு. அதன் வட்டி ஆண்டுக்கு 40. இதை அவளிடம் விண்ணப்பம் செய்யும்போதே காலின்ஸ் இங்கிதமில்லாமல் சொல்லிக்காட்டுகிறான். வீட்டில் யாருக்கும் இல்லாத பதற்றம் அந்த அம்மாளுக்கு இருந்ததில் என்ன வியப்பு? நூலக அறையில் புத்தகத்தோடு உட்கார்ந்துகொண்டு மனைவியைக் கேலி செய்த மனிதரை ரசிகர்கள் செல்லம் கொஞ்சுகிறார்கள். கணவர் திடீரென இறந்துபோக, இந்த 200 பவுண்டை வைத்துக்கொண்டு திருமதி பென்னெட் குடும்பம் நடத்துவதாக எழுதும் சில கதைகள் உண்டு. அவற்றைத்தான் நான் தேடித் தேடிப் படிக்கிறேன்.

இன்னொன்று, இழைக்குச் சற்று வெளியே போனாலும் சொல்லத்தான் வேண்டும். டார்சியும் தன் மகள் ஆனும் தொட்டிலில் கிடந்தபோதே நிச்சயிக்கப்பட்டவர்கள் என்று லேடி கேதரின் குதிக்கிறார் அல்லவா? அவரும் டார்சியின் தாயும் உடன்பிறந்த அக்காள் தங்கைகள். நம் முறைப்படி அந்தப் பிள்ளைகள் இருவரும் அண்ணன் தங்கை! அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம், இந்த அம்மாளுக்கு முறை சொல்லித்தர வீட்டில் ஒரு பாட்டிகூட இல்லையா என்று எனக்குத் தோன்றும். டார்சியின் அத்தை மகளாக ஆனை மாற்றி யாராவது தமிழில் எழுதினால், லேடி கேதரினின் வாதம் நம் வாசகர்களிடம் நிச்சயம் கொஞ்சம் வலுப்பெறும்.

இரவுவாசகன் எழுதியது:

இத்தகைய கதைகளை எழுதிப் பார்ப்பவன் என்ற முறையில் சில சொல்கிறேன்.

எழுதுபவர்களை அதிகம் ஈர்ப்பது டார்சி நாவலின் பக்கங்களில் தோன்றாத மாதங்கள். ஹன்ஸ்ஃபோர்டில் காலையில் தோப்போரம் காத்திருந்து கடிதத்தை அவள் கையில் கொடுத்த பிறகு, கோடையில் பெம்பர்லியின் புல்வெளியில் எதிர்ப்படும் வரை அவனைப் பற்றி நாவல் ஒன்றும் சொல்வதில்லை. போனவன் அகந்தை நிறைந்த ஒருவன். வந்தவன், லண்டன் சீப்சைடு பக்கத்தில் வசிக்கும் வணிகரான கார்டினரிடம் மீன்பிடிக்க வாருங்கள் என்று உபசரிக்கும் வேறொருவன். நடுவில் என்ன நடந்தது? லண்டனில் விக்கமைத் தேடி அலைந்ததையும் நாம் நேரில் காண்பதில்லை. எலிசபெத்தின் மாமி எழுதிய கடிதத்தின் வழியேதான் அறிகிறோம். ஆகவே டார்சியின் பார்வையில் மறுபடி எழுதுவது எளிது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் இறங்கினேன். இறங்கிய பிறகு தெரிந்தது, அவன் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு வாக்கியமும் எவ்வளவு கடினம் என்று. மனத்துக்குள் அவனை அதிகம் பேச விட்டால் அந்த இறுக்கம் போய்விடுகிறது. குறைத்தால் பக்கம் நகர்வதில்லை. அவன் மாற்றத்தை அழுகையும் மதுக்குப்பியுமாகக் காட்டுபவர்களே அதிகம். என் கருத்தில், வேலைக்காரர்களிடமும் குடியானவர்களிடமும் அவன் ஏற்கெனவே நல்லவன் என்பதை வீட்டுப் பொறுப்பாளர் ரெனால்ட்ஸ் அம்மாள் நாவலிலேயே சொல்லிவிடுகிறார். புதிதாக அவன் கற்க வேண்டியது, தனக்குக் கடன்படாதவர்களிடமும் பணிவாக இருப்பதை மட்டும்தான். அந்தச் சின்ன வித்தியாசத்தை எழுதிக் காட்டியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

புதிதாக வருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்தக் கதைகளை நிறையப் படித்தால் எது ஆஸ்டின், எது ரசிகர் வழக்கு என்பது குழம்பிவிடும். டார்சியின் உறவினன் கர்னல் ஃபிட்ஸ்வில்லியமுக்கு ரிச்சர்ட் என்ற பெயரை ஆஸ்டின் வைக்கவில்லை. அவனுக்கு முதற்பெயரே நாவலில் கிடையாது. அவனுடைய தந்தையான பிரபுவை மாட்லாக் பிரபு என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நாவலில் மாட்லாக் என்பது கார்டினர் தம்பதியரின் பயணத்தில் வரும் ஓர் ஊர் மட்டுமே. டார்சி குளத்தில் குதித்து நனைந்த சட்டையோடு வருவது 1995-ஆம் ஆண்டின் பிபிசி தொடரில்தான் உண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்தாள, பத்துப் பேர் கைமாறியதும் அது மூலத்தில் இருந்தது போலாகிவிடுகிறது. ஒரு விதத்தில் இந்தக் கூட்டு நினைவு எனக்குப் பிடித்தும் இருக்கிறது. ரிச்சர்ட் என்று எழுதியவுடன், எழுதுபவர் நம் வட்டத்தைச் சேர்ந்தவர் என்று தெரிந்துவிடுகிறது.

நிழற்குடை எழுதியது:

மாமி சொன்னதும் இரவுவாசகன் சொன்னதும் என்னைச் சற்று யோசிக்க வைத்தன. ஆனால் நான் எழுப்ப வேண்டிய ஒரு கேள்வி மீதியிருக்கிறது. லிடியாவை என்ன செய்கிறீர்கள்?

நான் பார்த்த வரையில் ரசிகர்களுக்கு லிடியா விஷயத்தில் இரண்டே வழிகள்தாம். ஒன்று, அவளைத் திருத்தி எங்காவது பள்ளிக்கு அனுப்புகிறார்கள். மற்றொன்று, அவளைத் தண்டிக்கிறார்கள்: கைவிடப்படுகிறாள், நோயில் விழுகிறாள், பிள்ளைப்பேற்றில் இறக்கிறாள். ஆஸ்டின் இரண்டையும் செய்யவில்லை. பதினாறு வயதில் மணமாகி, ஊருக்குத் திரும்பும் வழியில் வண்டியின் கண்ணாடியை இறக்கி, பக்கத்து வண்டியில் போனவனுக்குத் தெரியும்படி மோதிரம் அணிந்த கையைச் சன்னலில் வைத்துச் சிரித்துக்கொண்டு வந்த பெண் அவள். வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. கடைசிப் பக்கத்திலும் அக்காளிடம் பண உதவி கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். 1813-இல் எழுதிய ஒரு பாதிரியாரின் மகள் அவளை அப்படியே வாழ விட்டுவிட்டார். இன்று எழுதுபவர்களுக்கு அது முடியவில்லை. உங்கள் அளவுகோல் நல்லதுதான், மறுவாசகி அவர்களே. ஆனால் லிடியாவிடம் அதைப் பிரயோகித்தவர் யார்?

மறுவாசகி எழுதியது:

இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. உங்கள் கவனிப்பு சரியானது. லிடியாவின் பார்வையில் கதை சொல்பவர்கள்கூட அவளுக்குள் ஒரு ரகசியத் துயரத்தை வைத்துவிட்டால்தான் அவள் மதிக்கத்தக்கவள் ஆவாள் என்று எண்ணுகிறார்கள்.

சார்லட்டிடம் நிலைமை கொஞ்சம் மேல். இருபத்தேழு வயதில், தான் காதல் கீதல் என்று கனவு காண்பவள் அல்லள், தனக்கு வேண்டியது நிம்மதியான ஒரு வீடு மட்டுமே என்று சொல்லிவிட்டுக் காலின்ஸை மணப்பவள் அவள். பழைய மறுபுனைவுகளில் காலின்ஸை ஏதாவதொரு நோயில் சாகடித்து, சார்லட்டுக்குக் கர்னலைக் கட்டிவைப்பதே வழக்கமாக இருந்தது. இப்போது வரும் சில கதைகள் அவளை அந்த வீட்டிலேயே விட்டுவைக்கின்றன. கோழிகளைப் பார்த்துக்கொள்வது, கணவனைத் தோட்ட வேலைக்கு ஊக்கப்படுத்தி வீட்டுக்கு வெளியே நிறுத்துவது, தெருவைப் பார்த்த நல்ல அறையை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் பின்கட்டு அறையில் தான் நிம்மதியாக உட்காருவது என்று ஆஸ்டின் போட்டுவைத்த சிறு குறிப்புகளை எடுத்து, அவள் தேர்வு தோல்வியல்ல என்று வாதாடுகின்றன. அங்கே ஒரு நிகழ்ச்சியைக்கூட அவர்கள் மாற்றவில்லை. நாற்காலியை மட்டும் வேறு பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

மெரிட்டன் மாமி எழுதியது:

நாற்காலியைத் திருப்புவது என்றால் அடுக்களைப் பக்கம் திருப்பியவர்களையும் சொல்ல வேண்டும். டார்சியின் நண்பன் பிங்லி நெதர்ஃபீல்டில் நடத்திய நடன விருந்துக்கு முன்பு நான்கு நாள் விடாமல் மழை. பெண்களால் வெளியே போக முடியவில்லை. காலணிகளில் தைக்கும் ரோஜாப் பின்னல்களைக்கூட வேறொருவரை அனுப்பித்தான் வாங்கினார்கள் என்று ஒரு வரி வருகிறது. அந்த மழையில் மெரிட்டனுக்கு நடந்து போனவர் யார்? எலிசபெத் சேற்றில் மூன்று மைல் நடந்து போனதை எல்லோரும் வீரம் என்று கொண்டாடுகிறோம். அந்தப் பாவாடையைத் துவைத்தவள் யார் என்று கேட்கும் கதைகளை நான் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

தேன்சிட்டு எழுதியது:

குறித்து வைப்பது போதாது மாமி, சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். அத்தியாயம் அத்தியாயமாகத் தளத்தில் வெளியிட்டு, வாசகர் பாராட்டில் வளர்ந்து, முடிந்தவுடன் கதையைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டுக் கிண்டிலில் விலைக்குப் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆஸ்டினின் நாவலுக்குக் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் சட்டத்தில் தடை ஏதும் இல்லை. அவரே இந்த நாவலின் உரிமையை 110 பவுண்டுக்கு மொத்தமாக விற்றுவிட்டு, பிறகு வந்த லாபத்தில் ஒரு காசும் பார்க்காதவர். எழுதுபவர்கள் சம்பாதிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். தமிழில் தொடர்கதை எழுதும் இணையத் தளங்களிலும் இதே கதைதான் நடக்கிறது. அங்கேயும் வாசகர்கள் முடிவைப் படிப்பதற்குள் கதை காணாமற்போகிறது. ஆனால் ஒவ்வோர் அத்தியாயத்துக்குக் கீழேயும் நாங்கள் போட்ட சண்டைகளும் சேர்ந்து மறைந்துபோவதுதான் எனக்கு வருத்தம். பாதிக் கதைகளில் அந்தச் சண்டைகள் கதையைவிட நன்றாக இருந்தன.

இரவுவாசகன் எழுதியது:

இழையின் தொடக்கத்துக்குத் திரும்புகிறேன். மறுவாசகி அவர்கள் சொன்ன தபால் பிசகை எடுத்து, கடிதம் நேராக வந்துவிட்டதாக ஒரு கதையை எழுத முயன்றுகொண்டிருக்கிறேன். எலிசபெத் அவனைப் பார்க்காமலேயே ஊர் திரும்பிவிட்டாள். இனி லிடியாவின் செய்தி டார்சியின் காதுக்கு எப்படிப் போவது என்பதில் கதை நின்றுவிட்டது. பென்னெட் குடும்பத்தார் யாரும் அவனுக்கு எழுத மாட்டார்கள். பிங்லிக்கும் தெரிய வழியில்லை. தற்செயலாக யாரையாவது தெருவில் சந்திக்க வைக்க எனக்கு மனமில்லை.

பழைய வக்கீல் எழுதியது:

தற்செயல் தேவையில்லை. நாவலிலேயே வழி இருக்கிறது. லிடியா ஓடிப்போனதைப் பற்றித் திரு. பென்னெட்டுக்குக் காலின்ஸ் எழுதும் ஆறுதல் கடிதத்தை மறுபடி பாருங்கள். பென்னெட் குடும்பத்தின் மாவட்டமான ஹெர்ட்ஃபோர்ட்ஷயரிலிருந்து வந்த கடிதத்தின் மூலம் முந்தின நாள் செய்தி அறிந்ததாக அவன் எழுதுகிறான். சார்லட்டின் பிறந்தகமான லூகஸ் வீட்டார்தான் அவளுக்கு எழுதியிருக்க வேண்டும். அதற்குள்ளாகவே லேடி கேதரினிடமும் அவர் மகளிடமும் அவன் சொல்லியாகிவிட்டது. இப்படிப்பட்ட குடும்பத்தோடு இனி யார் உறவு வைத்துக்கொள்வார்கள் என்று அவர்களும் ஒப்புக்கொண்டார்களாம். ஈஸ்டரில் எலிசபெத்திடம் தன் சகோதரி மகன் காட்டிய கவனத்தைத் தன் ரோசிங்ஸ் மாளிகையில் பார்த்த லேடி கேதரின், இந்தச் செய்தியைப் பெம்பர்லிக்கு எழுதாமல் இருப்பாரா?

மறுவாசகி எழுதியது:

எழுதாமல் இருக்க மாட்டார். மூலத்திலும் அவர் எலிசபெத்தை மிரட்டிவிட்டுப் போய் அதைச் சகோதரி மகனிடம் ஒப்பித்ததால்தான் டார்சிக்கு மறுபடி நம்பிக்கை பிறக்கிறது. இரண்டு பாதையிலும் அதே அம்மாள், தடுக்க நினைத்தே சேர்த்துவைக்கிறார். அவர் குணத்தில் இம்மியும் மாற்ற வேண்டியதில்லை.

இரவுவாசகன் எழுதியது:

அப்படியானால் கதை நகர்ந்துவிடும். விக்கமின் யோக்கியதையை ஊருக்குச் சொல்லாமல் மறைத்தது தன் பிழை என்ற எண்ணம் டார்சிக்கு அப்போதும் இருக்கும். ராம்ஸ்கேட்டில் தங்கை ஜார்ஜியானாவை விக்கமோடு அனுப்பிவைக்கும் திட்டத்துக்குத் துணைபோன யங் என்ற பெண்மணி எட்வர்டு தெருவில் வீடு எடுத்து வாடகைக்கு விடுகிறாள் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆகவே தேடத் தொடங்கும் இடம் மாறாது, நாள்தான் தள்ளிப்போகும். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரிலிருந்து கென்ட், கென்ட்டிலிருந்து டெர்பிஷயர், அங்கிருந்து அவன் லண்டன் வந்து சேர்வது என்று கூட்டினால் ஒரு வாரத்துக்குக் குறையாத தாமதம். அந்த வாரத்தில் கார்டினர் மாமா தாமாகவே விக்கமைக் கண்டுபிடித்துவிடுவாரா, கண்டுபிடித்தால் எவ்வளவு பணத்துக்கு அவன் படிவான் என்பதைத்தான் இனிக் கணக்குப் போட வேண்டும். வக்கீல் ஐயா, கார்டினரின் கையில் ரொக்கமாக எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?